குடல் அழற்சி மருந்தைச் சுண்டெலியில் சோதிப்பது எப்படி? முதன்முறை இறங்குபவருக்கு

மாஸ்டர்ஸ் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு மாலையில் நோட்டுப்புத்தகத்தோடு ஓடிவந்தாள். "அக்கா, மருந்து வேலை செய்யுது!" நிலவேம்புச் சாறு கொடுத்த சுண்டெலிகளுக்கு எடை குறையவே இல்லை. சாறு கொடுக்காதவற்றுக்கு ஆறாம் நாளே மலத்தில் ரத்தம் வந்துவிட்டது. நான் கேட்டது ஒரே கேள்விதான்: "சாற்றை எதில் கலந்து கொடுத்தாய்?" "குடிக்கிற தண்ணியிலதான், அக்கா."

நோயை உண்டாக்கும் டிஎஸ்எஸ்ஸும் அதே தண்ணீரில்தான் இருந்தது. நிலவேம்பின் கசப்பு நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? சுண்டெலிக்கும் அது பிடிக்கவில்லை. மிச்சத் தண்ணீரை எடைபோட்டுப் பார்த்தோம். சாறு கலந்த கூண்டுகளில் மற்ற கூண்டுகள் குடித்ததில் பாதிகூடக் குறையவில்லை. குணமாவதற்கு அங்கே நோயே வந்திருக்கவில்லை. அத்தனை வார உழைப்பும், அதைவிட முக்கியமாக அத்தனை உயிர்களும் வீண். அவள் அன்று அழுதாள். அடுத்து வருபவருக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் பினாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இந்த நோய் நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் குடல் அழற்சி நோய் அதிகம் என்று அது காட்டியது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, ரத்தம் போவது, எடை குறைவது என்று வருடக்கணக்கில் அலையும் ஒருவராவது உங்கள் சொந்தக்காரர்களில் இருக்கக்கூடும். அதனால்தான் இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் வரும்போது எனக்கு மகிழ்ச்சி. சரியாகச் செய்ய வேண்டும் என்ற பதற்றமும் கூடவே வருகிறது.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

குடல் அழற்சி நோய் என்ற பெயருக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் பெருங்குடலில் மேலே ஏறும். பெரும்பாலும் உள்தோலோடு நின்றுவிடும். குரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். விட்டுவிட்டு வரும், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். இந்த இரண்டையும் முழுமையாகக் காட்டும் சுண்டெலி எங்குமே கிடையாது. சுண்டெலியில் நோயை உண்டாக்கும் ஒவ்வொரு முறையையும் 'மாதிரி' என்கிறோம். ஒவ்வொரு மாதிரியும் நோயின் ஒரு துண்டை மட்டும் காட்டும். உங்கள் மருந்து எந்தத் துண்டைத் தொடுகிறது என்று தெரிந்தால்தான் எந்த மாதிரி வேண்டும் என்பது தெரியும்.

எல்லாரும் முதலில் எடுப்பது டிஎஸ்எஸ். டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்ற பொடி அது. தண்ணீரில் கலந்து ஐந்து முதல் ஏழு நாள் குடிக்கக் கொடுத்தால் போதும். 1990-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலியில் இதைக் காட்டினார்கள். மலிவு, வேகம், ஊசி வேண்டாம். பெருங்குடலின் உள்தோல் செல்களை அது சிதைக்கிறது. வேலி உடைந்ததும் பாக்டீரியா உள்ளே நுழைகிறது, நியூட்ரோபில், மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. கவனியுங்கள்: டி செல், பி செல் என்ற நோயெதிர்ப்பு செல்கள் இரண்டுமே இல்லாத சுண்டெலிக்கும் டிஎஸ்எஸ் கொடுத்தால் இந்தக் கடுமையான அழற்சி வரும். அப்படியென்றால், உங்கள் மருந்து டி செல்லை அடக்கி வேலை செய்யும் மருந்தாக இருந்தால், ஏழு நாள் டிஎஸ்எஸ்ஸில் அதைச் சோதிப்பது தவறான கதவைத் தட்டுவது. வேலி ஆறுவதற்கு உதவும் மருந்து என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை.

டிஎன்பிஎஸ் என்ற ரசாயனத்தை, சுண்டெலிக்கு மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் வழியாக, ஆல்கஹாலில் கரைத்து மலக்குடலுக்குள் செலுத்துவார்கள். ஆல்கஹால் வேலியைத் திறந்துவிடும். டிஎன்பிஎஸ் குடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, உடல் தன் புரதத்தையே அந்நியமாகப் பார்க்கத் தொடங்கும். 1989-இல் பெரிய எலியில் தொடங்கிய மாதிரி இது. அழற்சி சுவர் முழுக்க இறங்குவதால் குரோன்ஸுக்கு நெருக்கம் என்பார்கள். சுண்டெலி இனம் மாறினால் விளைவும் மாறும். எஸ்ஜேஎல், பால்ப்-சி எளிதில் நோய்ப்படும், சி57பிஎல்/6 அவ்வளவாக மசியாது. கை பழகாதவர் செய்தால் ஒரே குழுவுக்குள் ஒன்று சாகும், இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் முதல் மாதிரியாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

டி செல் மருந்துக்கு உண்மையான பரீட்சை டி செல் மாற்று மாதிரி. ஆரோக்கியமான சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து சிடி4 என்ற டி செல்களில் ஒரு வகையை மட்டும் பிரித்தெடுத்து, டி, பி செல் இல்லாத சுண்டெலிக்குள் செலுத்துவார்கள். அடக்கி வைக்கும் செல்கள் உள்ளே போகாததால், சில வாரங்களில் குடல் தானாக எரியும். செல் பிரிக்கும் கருவி, விலையுயர்ந்த சுண்டெலி, இரண்டு மாதப் பொறுமை மூன்றும் வேண்டும். அழற்சியை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலியும் உண்டு. 1993-இல் வந்தது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் அதற்கு அழற்சி வராது. குடல் பாக்டீரியா இல்லாமல் இந்த நோய் இல்லை என்பதற்கு அது ஒரு பெரிய சாட்சி. சிறுகுடல் அழற்சிக்கு எஸ்ஏஎம்பி1 என்ற இனம் இருக்கிறது. தொடக்கத்தில் உங்களுக்கு அது தேவைப்படாது.

அனுமதி

மலேசியாவில் விலங்கு நலச் சட்டம் 2015, 2017-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு விலங்கைப் பயன்படுத்த உரிமமும், பல்கலைக்கழகத்தின் விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் கடிதம் கையில் வராமல் ஒரு சுண்டெலியைக்கூட வாங்காதீர்கள். குழு கூடும் தேதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் செமஸ்டரில் பாதி போய்விடும்.

விண்ணப்பத்தை வெறும் பாரமாகப் பார்க்காதீர்கள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று கேள்விகளே அதன் உயிர்: விலங்கு இல்லாமல் முடியுமா, குறைவாக வைத்து முடியுமா, வலியைக் குறைத்து முடியுமா? காகோ-2 என்ற, லேப்பில் வளர்க்கும் குடல் செல்களில் வேலிப் பாதுகாப்பையும், மேக்ரோபேஜ் செல்களில் அழற்சிக் குறைப்பையும் முதலில் பாருங்கள். அங்கேயே ஒன்றும் செய்யாத சாற்றுக்குச் சுண்டெலி எதற்கு?

மனிதநேய முடிவுப்புள்ளி என்று ஒன்று எழுத வேண்டும். எந்த நிலையில் பரிசோதனையை நிறுத்தி அந்த உயிரை வலியில்லாமல் விடுவிப்போம் என்பது அது. தொடக்க எடையில் 20% குறைந்தால் நிறுத்துவது பரவலான வழக்கம். அதோடு, முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து, தொட்டாலும் நகராமல் இருந்தால் எடைக் கணக்கு எதுவானாலும் நிறுத்துங்கள். வலிக்கு என்ன கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரோடு பேசுங்கள். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் குடல் அழற்சியைக் கூட்டிவிடும் என்பதால் இங்கே அவை ஆகாது.

என் அம்மா சைவம். "அந்தச் சின்ன உயிரை நீயா கொல்ற?" என்று இன்றும் கேட்பார். ஆமாம் அம்மா, நான்தான். அந்தக் கேள்வி காதில் இருப்பதால்தான் பாட்டிலை எடைபோட நான் மறப்பதில்லை.

குழுக்களும் அளவும்

ஆரோக்கியமான குழு, ஆரோக்கியத்தோடு மருந்து மட்டும் பெறும் குழு, டிஎஸ்எஸ்ஸும் வெறும் கரைப்பானும் பெறும் குழு, டிஎஸ்எஸ்ஸும் மருந்தும் பெறும் குழுக்கள், டிஎஸ்எஸ்ஸும் தெரிந்த மருந்து ஒன்றும் பெறும் குழு. கரைப்பான் குழுவை விட்டுவிடுபவர் நிறைய. சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் அந்த டிஎம்எஸ்ஓ-வே ஏதாவது செய்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? தெரிந்த மருந்தாக மெசலசின் அல்லது சல்ஃபாசலசின் வைப்பார்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து; மனித டிஎன்எஃப்-ஐப் பிடிக்கும், சுண்டெலியின் டிஎன்எஃப்-ஐப் பிடிக்காது. சுண்டெலிக்கென்றே செய்த எதிர்ப்புப்புரதம் தனியாக உண்டு.

எத்தனை சுண்டெலி? முன்னோட்டச் சோதனையில் கிடைத்த வேறுபாட்டை வைத்துக் கணக்கிடுங்கள். குழுவுக்கு எட்டு, பத்து என்று வருவது சாதாரணம். எல்லாம் ஒரே பாலாக, 8 முதல் 12 வார வயதுக்குள் இருக்கட்டும். ஆண் சுண்டெலிகள் டிஎஸ்எஸ்ஸுக்குப் பெண்ணைவிட அதிகம் தாக்குண்ணும்.

மருந்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலிகை ஆய்வுகளில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்று கூசாமல் கொடுக்கிறார்கள். சுண்டெலியின் அளவை 12.3-ஆல் வகுத்தால் மனிதருக்கான தோராயக் கணக்கு வரும். 1,000 மில்லிகிராம் என்பது 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.9 கிராம் சாற்றுப்பொடி. தினமும் அவ்வளவு விழுங்குவாரா நம் மாமா? இந்தக் கணக்கை முதல் நாளே போடுங்கள்.

அப்புறம் கூண்டு. சுண்டெலிகள் ஒன்றின் மலத்தை ஒன்று தின்னும். அதனால் ஒரு கூண்டில் இருப்பவற்றின் குடல் பாக்டீரியா ஒன்றுபோல ஆகிவிடும். மருந்துக் குழு முழுவதையும் ஒரே கூண்டில் வைத்தால், நீங்கள் அளப்பது மருந்தையா அந்தக் கூண்டின் பாக்டீரியாவையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சோதனைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் எல்லாக் கூண்டுகளின் படுக்கைத்தூளையும் கலந்து பகிர்ந்து போடுங்கள். ஒவ்வொரு குழுவையும் பல கூண்டுகளில் பிரித்து வையுங்கள்.

டிஎஸ்எஸ் வாரம்

காலண்டரைத் திறந்து தொடங்குங்கள். டிஎஸ்எஸ்ஸை ஏழாம் நாள் நிறுத்தினாலும் எடை அன்று நிற்காது. இன்னும் இரண்டு மூன்று நாள் இறங்கும். எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் உச்சம், உயிர்கள் போவதும் அப்போதுதான். அந்த நாட்கள் தைப்பூசத்தில் விழுந்தால் என்ன ஆகும்? தண்ணீர்மலைப் பக்கம் சாலை அடைப்பு, பாதிப் பேர் விடுப்பு, எடை பார்க்க ஆளில்லை. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இதே கதை.

பொடியை வாங்கும்போது மூலக்கூறு எடை 36,000 முதல் 50,000 டால்டன் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு வீரியம். போன வருடம் 2.5% சரியாக இருந்தது என்பதற்காக இந்த வருடமும் இருக்கும் என்று நம்ப முடியாது. முழுச் சோதனைக்கும் போதுமான பொடியை ஒரே லாட்டில் வாங்குங்கள். மூன்று நான்கு சுண்டெலிகளில் 2, 2.5, 3 சதவீதம் என்று முதலில் முயன்று பாருங்கள். இந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வந்து நிறுக்கும் 25 கிராமில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். உலர்த்தும் ஜாடியில் வைத்து, எடுத்ததும் மூடுங்கள். லிட்டருக்கு 25 கிராம் போட்டால் 2.5%. இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுக் கரைசல்.

இனி பாட்டில். தினமும் காலையில், ஒரே நேரத்தில், ஒவ்வொரு பாட்டிலையும் எடைபோட்டு எழுதுங்கள். நேற்று 312 கிராம், இன்று 294 கிராம், கூண்டில் நான்கு சுண்டெலி. ஆக, தலைக்கு 4.5 மில்லிலிட்டர். நான்கு ஐந்து மில்லிலிட்டர் இயல்பு. ஒரு கூண்டு மட்டும் இரண்டில் நின்றால் முனை அடைத்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். துளி வராவிட்டால் அந்தக் கூண்டு தாகத்தில் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரே இரவில் பத்து மில்லி என்று வந்தால் பாட்டில் ஒழுகியிருக்கிறது, படுக்கைத்தூள் நனைந்திருக்கும். இந்த ஒரு பத்தி எண்கள் உங்கள் ஆய்வேட்டில் இருந்தால், மருந்துக் குழு டிஎஸ்எஸ்ஸைக் குறைவாகக் குடித்ததா என்ற கேள்விக்கு யார் முன்னாலும் பதில் சொல்லலாம்.

மருந்தைத் தண்ணீரில் கலக்க வேண்டாம் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. முனை உருண்ட ஊட்டூசியால் நேரே வயிற்றுக்குள் கொடுங்கள். ஊசியைச் சுண்டெலியின் பக்கவாட்டில் வைத்து, வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை நீளம் பார்த்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் என்ற எல்லையைத் தாண்டாதீர்கள். 22 கிராம் சுண்டெலிக்கு அது 0.22 மில்லிலிட்டர். தடை தெரிந்தால் தள்ளவே கூடாது. வெளியே எடுத்து, மறுபடி. ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்று, வெறும் தண்ணீரில் பழகிய பிறகுதான் சோதனை.

எப்போது கொடுக்கத் தொடங்குவது என்பதிலேயே உங்கள் ஆய்வின் பெயர் இருக்கிறது. டிஎஸ்எஸ்ஸுக்கு முன்பே தொடங்கினால் அது தடுப்பு. நோயாளி நம்மிடம் வருவது ரத்தம் போகத் தொடங்கிய பிறகு. எனவே மலம் இளகி, ரத்தம் தெரிந்த பிறகு தொடங்கும் ஒரு குழுவையாவது வையுங்கள். டிஎஸ்எஸ்ஸை நிறுத்தியதும் சுண்டெலி தானாகவும் ஆறும். ஆகையால் மருந்துக் குழுவை அதன் சொந்த ஏழாம் நாளோடு ஒப்பிடக்கூடாது. அதே நாளில் இருக்கும் கரைப்பான் குழுவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நாள்தோறும் மூன்று விஷயங்களுக்கு மதிப்பெண்: எடை இழப்பு, மலத்தின் இறுக்கம், ரத்தம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. மலம் உருண்டையாக இருந்தால் 0, குழைந்தால் 2, ஓடினால் 4. ரத்தம் பரிசோதனை அட்டையில் மட்டும் தெரிந்தால் 2, கண்ணுக்கே தெரிந்தால் 4. மதிப்பெண் போடுபவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குழு என்று தெரியவே கூடாது. அடுத்த லேப்பில் இருக்கும் நண்பரிடம் சொல்லிக் கூண்டுகளுக்குக் குறியீடு போடச் சொல்லுங்கள். நம் மருந்து ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கண்ணை எவ்வளவு மாற்றும் என்பதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன்.

திறந்து பார்க்கும் நாள்

முதலில் ஆரோக்கியமான ஒன்றைத் திறந்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பெருங்குடல் எட்டு சென்டிமீட்டர் அளவில், வெளிர் ரோஜா நிறத்தில், உள்ளே மலம் மணிமாலை போல இடைவெளி விட்டு வரிசையாக இருக்கும். டிஎஸ்எஸ் குடித்த குடல் ஐந்து, ஆறு சென்டிமீட்டராகச் சுருங்கி, சுவர் தடித்து, கருஞ்சிவப்பாக இருக்கும். மணிகள் இருக்காது, குழம்பும் ரத்தமும்தான். பெருங்குடலைக் குருட்டுக்குடல் (சீகம்) முடியும் இடத்திலிருந்து ஆசனவாய் வரை வெட்டி, ஈரத்தாளில் வைத்து, இழுக்காமல் அளக்கவும். இரண்டு விரலால் லேசாக இழுத்தாலே ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

பிறகு குளிர்ந்த உப்புக்கரைசலில் கழுவி, நீளவாக்கில் திறந்து, ஒரு பாதியைப் பாய் சுருட்டுவது போல் ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து சுருட்டி ஃபார்மலினில் போடுங்கள். முழு நீளத்தையும் ஒரே சிலைடில் பார்க்கலாம். டிஎஸ்எஸ்ஸின் காயம் கடைசிப் பகுதியில்தான் அதிகம். துண்டு துண்டாக எடுப்பவர் ஒவ்வொரு சுண்டெலியிலும் வெவ்வேறு இடத்தை எடுத்து ஏமாறுவார். மீதிப் பாதி மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கு. அதில் நியூட்ரோபில் வருகைக்கு எம்பிஓ என்ற நொதியையும், சைட்டோகைன் என்ற அழற்சிச் செய்திப் புரதங்களுக்கு டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-1 பீட்டா ஆகியவற்றையும் அளக்கலாம். மலத்தில் லிபோகாலின்-2 என்ற புரதத்தைப் பார்த்தால் உயிரோடு இருக்கும்போதே அழற்சியைத் தொடரலாம்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன், இதில் மாதக்கணக்கில் மாட்டியவர்கள் உண்டு. திசுவில் தங்கிய டிஎஸ்எஸ் ஆர்என்ஏ-வோடு சேர்ந்து வந்து, மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் பிசிஆர் வினையையே தடுத்துவிடும். நோயுற்ற குழுவில் எல்லா மரபணுவும் குறைவாகத் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். லித்தியம் குளோரைடால் ஆர்என்ஏ-வைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மதிப்பெண்கள் எது அதிகம், எது குறைவு என்ற வரிசையை மட்டும் காட்டும் எண்கள்தான். அவற்றுக்கு டி-டெஸ்ட் போடாமல் க்ருஸ்கல்-வாலிஸ் போன்ற வரிசை எண்களுக்கான புள்ளியியல் சோதனைகளைப் போடுங்கள். செத்துப்போன சுண்டெலியைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நீக்காதீர்கள். மிக மோசமானவை செத்து நீங்கினால் அந்தக் குழுவின் சராசரி அழகாகிவிடும்.

எவ்வளவு சொல்லலாம்?

ஐஎல்-10 சுண்டெலியில் அழற்சியை அருமையாக அடக்கியது. குரோன்ஸ் நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்தபோது கைவிட்டது. ஐஎல்-17 என்ற இன்னொரு சைட்டோகைனைத் தடுக்கும் செகுகினுமாப் என்ற மருந்து 2012-இல் வெளியான சோதனையில் குரோன்ஸ் நோயாளிகளுக்கு உதவவில்லை, சிலருக்கு நோய் கூடியது. ஐஎல்-17-ஐத் தடுத்தால் டிஎஸ்எஸ் அழற்சி மோசமாகும் என்று சுண்டெலி 2004-லேயே காட்டியிருந்தது. மறுபக்கம், ஐஎல்-12 என்ற சைட்டோகைனுக்கு எதிரான புரதம் டிஎன்பிஎஸ் சுண்டெலியைக் குணமாக்கியதை 1995-இல் கண்டார்கள். அந்த வழியில் வந்த உஸ்டெகினுமாப் என்ற மருந்து 2016-இல் குரோன்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, சுண்டெலி பேசியதெல்லாம் பொய்யும் இல்லை, எல்லாம் நமக்குப் பொருந்துவதும் இல்லை.

நம் நிலவேம்பும் இந்த வழியில் நடந்திருக்கிறது. மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று சொல்லும் அதே செடி. அதன் சாறு ஒன்று டி செல் மாற்று மாதிரியில் சுண்டெலியைக் காத்தது. 2013-இல் வெளியான மனிதச் சோதனையில், நாளுக்கு 1,800 மில்லிகிராம் எடுத்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளில் முன்னேற்றம் கண்டவர்கள் வெற்று மாத்திரைக் குழுவைவிட அதிகம். ஆனால் அடுத்த கட்டப் பெரிய சோதனை, பலன் தெரியவில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. எனவே உங்கள் முடிவுரையில் "சுண்டெலியில், இந்த மாதிரியில், இந்த அளவில்" என்ற மூன்று சொற்றொடரும் இருக்கட்டும். அதைப் படித்துவிட்டு யாரோ ஒரு அக்கா தன் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கத் தொடங்கிவிடக் கூடாது.

அந்த மாணவி மறுபடி செய்தாள். குழுவிடம் நடந்ததை எழுதிக் கொடுத்து, புதிய ஒப்புதல் வாங்கி, ஊட்டூசியால், ரத்தம் தெரிந்த நாளிலிருந்து. பாட்டில் எடைகள் எல்லாக் கூண்டிலும் ஒன்றுபோல இருந்தன. எடை இழப்பில் வித்தியாசம் இல்லை. குடல் நீளம் சற்றே கூடுதல், சிலைடில் காயத்தின் மதிப்பெண் கொஞ்சம் குறைவு. அவள் அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதினாள், முதல் சோதனையின் பாட்டில் கணக்கையும் பின்னிணைப்பில் சேர்த்து.